போஸ்ட்மார்ட்டத்தில் காரணம் தெரியவில்லை... ஜீன் டெஸ்ட் சொல்லுமா?

கேள்வி: போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்த என் அக்கா மகன் (20 வயது) சுருண்டு விழுந்து இறந்துவிட்டான். போஸ்ட்மார்ட்டத்தில் இதயத்தில் குறை இல்லை. உள்ளுறுப்பு ஆய்விலும் விஷம் இல்லை. உடலை எரித்துவிட்டோம். இனி ஜீன் டெஸ்ட் செய்ய முடியுமா? தம்பி, தங்கைக்கு ஆபத்து உண்டா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இதயத்தின் மின்துடிப்பில் கோளாறு என்றால், உடலை அறுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஓடும்போது விழுந்ததால், 'நீள் க்யூ.டி.' நோயின் (இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரம், அதாவது ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. அளவு, நீண்டுபோவது) முதல் வகை, சி.பி.வி.டி. (ஓட்டம், பதற்றத்தின்போது இதயம் தாறுமாறாக வேகமாகத் துடிப்பது) இரண்டையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். தூக்கத்தில் போயிருந்தால் புருகாடா என்ற இன்னொரு மின்துடிப்புக் கோளாறையும் யோசிக்கலாம்.

ஜீன் டெஸ்டுக்கு, போஸ்ட்மார்ட்டத்தின்போதே ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. (ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் பொருள்) குழாயில் 5 முதல் 10 மி.லி. ரத்தம் எடுத்து உறையவைத்திருக்க வேண்டும். மண்ணீரல் துண்டும் உதவும். கேட்காமல் இதை யாரும் எடுப்பது அபூர்வம். ஆய்வுக்கு எடுத்த இதயத் திசுவை மெழுகில் பதித்து, கட்டியாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் ஊறிய திசுவில் டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும். சி.பி.வி.டி.க்குக் காரணமான ஆர்.ஒய்.ஆர்.2 போன்ற மிகப் பெரிய ஜீனை அதில் முழுதாகப் படிப்பது கடினம். நல்ல ரத்தம் இருந்தாலும் விடை நிச்சயமில்லை. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில், காரணம் தெரியாத இளவயது மரணங்களில் 27 சதவீதத்தில்தான் இதயம் சார்ந்த ஜீன் மாற்றம் கிடைத்தது.

ஆகவே உயிரோடு இருப்பவர்களைச் சோதியுங்கள். அப்பா, அம்மா, தம்பி, தங்கை நால்வருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். டிரெட்மில்லை விட்டுவிடாதீர்கள்: சி.பி.வி.டி.யில் படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. சுத்தமாகவே இருக்கும். மெஷின் அச்சடித்துத் தரும் க்யூ.டி. அளவை நம்பாமல், டாக்டரையே அளக்கச் சொல்லுங்கள். 500 மில்லி விநாடியைத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா? தருமபுரிப் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது சகஜம் என்பதால் கேட்கிறேன். பொதுவாக அப்பா, அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வரும் ஜீன் மாற்றம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்புண்டு. சில வகைகள் இரு பக்கமும் சேர்ந்தால்தான் வரும். அப்போது நாலில் ஒருவருக்கு. உறவில் பிறவிச் செவிடு யாருக்காவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீள் க்யூ.டி.யின் ஒரு வகை அதனோடு சேர்ந்தே வரும்.

ரிசல்ட் வரும்வரை ஓட்டமும் கிணற்று நீச்சலும் வேண்டாம். மருந்துக் கடையில் அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), டோம்பெரிடோன் (வாந்தி மருந்து) கேட்டு வாங்காதீர்கள், இரண்டும் க்யூ.டி.யை நீளச் செய்யலாம்.

கேள்வி: இனி இப்படி ஒரு மரணம் நடந்தால் யாரிடம் கேட்பது?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: விசாரணை அதிகாரி, போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டர் இருவரிடமும், அறுக்கும் முன்பே, ரத்தம் எடுத்துவைக்கக் கோரி எழுதிக் கொடுங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் நகலையும் இணையுங்கள்.