கிண்ணத்தை வாங்கும் கை

தம்பி, மங்கோலியாவின் தலைநகர் உலான்பாத்தருக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. உடன் பணிபுரிபவர் செப்டம்பரில் அர்ஹங்காய் மாகாணத்தில் உள்ள தன் பெற்றோரின் கூடாரத்துக்கு உங்கள் இருவரையும் அழைத்திருக்கிறார். அங்கே எப்படி நடந்துகொள்வது, மனைவி மாமிசம் சாப்பிடமாட்டார், வேண்டாம் என்றால் தவறாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போய் வாருங்கள். பதினான்கு குளிர்காலங்களை இங்கே கழித்தவன் சொல்கிறேன், அந்த இரண்டு நாள் உங்களுக்குக் கற்றுத்தருவதை நகரத்து அடுக்குமாடி வீடு பத்து வருடத்திலும் கற்றுத்தராது.

இந்த நாட்டின் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் சுமார் 35 லட்சம் பேர், அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகரில் இருக்கிறார்கள். நாட்டுப்புறத்தில் ஒரு கூடாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் புல்வெளிதான். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி குளிரில் வழி தவறி வந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை என்றால் அவன் பிழைக்கமாட்டான். அதனால் வந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரிப்பதற்கு முன்பே தேநீர் வந்துவிடும். நாளை தன் பிள்ளையும் யாரோ ஒருவர் வாசலில் போய் நிற்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். எனவே கிண்ணத்தைத் தொடாமலே மறுப்பதுதான் அவர்களை வருத்தும். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டால் யாரும் குறையாக நினைப்பதில்லை.

அந்தத் தேநீரின் பெயர் சூதே சாய். பாலும் உப்பும் சேர்ந்தது. நம் நாக்கு சர்க்கரையைத் தேடும். முதல் வாயை மட்டும் தாண்டிவிடுங்கள், இரண்டாவது வாயில் கஞ்சி குடிப்பதுபோல் இதமாக இருக்கும். வாங்கும் விதம்தான் முக்கியம். வலது கையை நீட்டுங்கள், இடது உள்ளங்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள். நான் முதன்முதலாகப் போன வீட்டில், பாட்டியம்மா கிண்ணத்தை நீட்டியபோது இடது கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, என் இடது கையைப் பிடித்து வலது முழங்கையின் கீழே பொருத்தி, பிறகுதான் கிண்ணத்தைக் கொடுத்தார். அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. என் ஆத்தாவும் திருநீறு கொடுக்கும்போது இப்படித்தான் என் கையைச் சரிசெய்வார்.

கூடாரத்தை இங்கே கெர் என்கிறார்கள். கதவைத் தட்டும் வழக்கமில்லை. சற்றுத் தொலைவிலேயே நின்று "நொஹோய் ஹோர்" என்று குரல் கொடுப்பார்கள், நாயைப் பிடியுங்கள் என்று பொருள். அந்த நாய்கள் ஓநாய்க்கு அஞ்சாதவை, ஆகவே யாராவது வெளியே வரும்வரை வண்டியை விட்டு இறங்காதீர்கள். உள்ளே நுழையும்போது நிலைப்படியை மிதிக்கவே கூடாது, தாண்டித்தான் போகவேண்டும். இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு தெற்குப் பார்த்திருக்கும். நுழைந்ததும் உங்கள் இடது கைப்பக்கம், அதாவது மேற்கே, விருந்தாளிகளுக்கான இடம். கதவுக்கு நேர் எதிரே வடக்கில் இருப்பது ஹோய்மோர். சாமி படமும் பெரியவர்களும் இருக்கும் இடம், அவர்கள் அழைக்காமல் அங்கே போகாதீர்கள். உள்ளே கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகவே நடக்கவேண்டும். நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையே புகுந்து போகக்கூடாது. அடுப்பில் குப்பை போடுவதும், அடுப்பை நோக்கிக் கால் நீட்டி உட்காருவதும் பெரிய அவமரியாதை. தெரியாமல் யார் காலையாவது உங்கள் கால் தட்டிவிட்டால் உடனே அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிடுங்கள், அத்தோடு சரியாகிவிடும்.

பெரியவர் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டுவார். கல்லில் செதுக்கிய சின்னக் குப்பி, ஹோரோக் என்பார்கள். பொடி போடும் பழக்கம் இல்லாவிட்டாலும் மறுக்காதீர்கள். வலது கையால் வாங்கி, மூடியருகே முகர்ந்துவிட்டு அதே கையால் திருப்பிக் கொடுங்கள். மூடியை இறுக்கி மூடித் தருவது மட்டும் கூடாது.

மனைவியின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், நீங்கள் போகும் பருவம் நல்ல பருவம். பாலாடையைக் கனமாக எடுத்து வைக்கும் ஊரம், வெயிலில் காயவைத்த தயிர்க்கட்டியான ஆரூல், நம் கெட்டித்தயிர் போன்ற தரக், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டான போர்ட்சோக் எல்லாம் தட்டில் இருக்கும். மாமிசம் சாப்பிடமாட்டார் என்பதை நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்; அவர்கள் ஆடு அறுத்த பிறகு சொல்வது சங்கடம். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த ஐரக் வந்தால் அதில் சிறிது போதை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வோட்கா வந்தால் மோதிர விரலை அதில் நனைத்து வானை நோக்கித் தெளித்துவிட்டு, உதட்டில் ஒற்றித் திருப்பித் தரலாம். குடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வீட்டை நான் பார்த்ததில்லை.

பேச்சில் வயதுதான் கணக்கு. நம் நீயும் நீங்களும் போல அவர்களுக்கு "ச்சி", "த". பெரியவர்களிடம் "த" தான், பெயரோடு "குவாய்" சேர்த்துக் கூப்பிடுங்கள். "சைஹன் நமர்ஜிஜ் பைன ஊ?", இலையுதிர்காலம் நன்றாகக் கழிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றால் புத்தர் வாழ்ந்த மண் என்று கையெடுப்பவர்கள் உண்டு. 1990 முதல் 2000 வரை இந்தியத் தூதராக இங்கிருந்த லடாக்கின் புத்தத் துறவி குஷோக் பகுலா ரின்போச்சேயைத் தூதர் குரு என்ற பொருளில் "எல்ச்சின் பக்ஷ்" என்று இன்றும் பக்தியோடு சொல்கிறார்கள். வானத்துச் செவ்வாய்க்கு இவர்கள் மொழியில் பெயர் அங்காரக், வியாழனுக்குப் பர்ஹஸ்பத், சுக்கிரனுக்குச் சுகர். சமஸ்கிருதம் திபெத்து வழியாகவும் உய்குர் மொழி வழியாகவும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இரவில் வெளியே நின்று இந்தப் பெயர்களைச் சொல்லிக் காட்டுங்கள், பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

இனிப்பு, பிஸ்கட், நல்ல தேயிலை வாங்கிப் போங்கள். இரண்டு கையாலும் கொடுங்கள். அப்போதே பிரிக்காமல் எடுத்து வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று எண்ணவேண்டாம். பாத்திரத்தில் எதையாவது கொடுத்தனுப்பினால், அடுத்த முறை அதை வெறுமனே திருப்பாதீர்கள். ஒரு பிடி அரிசியாவது போட்டுக் கொடுங்கள்.

புறப்படும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். வண்டியைக் கிளப்பியதும் வேகமாகப் போய்விடவேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். வீட்டுப் பாட்டி ஒன்பது குழிகள் செதுக்கிய மரக்கரண்டியில் பாலெடுத்து, நீங்கள் போகும் திசையில் தெளிப்பார். அதைப் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போங்கள்.