கல்லீரல் கட்டியும் ஸ்டெம் செல்லும்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

அப்பாவின் கல்லீரல் பயாப்சியில் 'எப்கேம் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அது ஸ்டெம் செல் புற்றுநோய், மருந்து கேட்காது என்கிறார்கள். உண்மையா டாக்டர்?
_வாசகர், அம்மாபேட்டை_

ஸ்டெம் செல் புற்றுநோய் என்று தனியாக ஒரு நோய் கிடையாது. ஒரு கட்டியில் உள்ள செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவற்றில் சிறு பகுதி, தானும் பெருகி, வேறு வகைச் செல்களையும் உண்டாக்கி, புதிதாக ஒரு கட்டியையே கிளப்பிவிடும். அதைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறோம். ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்தெடுக்க உதவுபவை செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள்: எப்கேம், சிடி133, சிடி90, சிடி44, சிடி13, சிடி24.

ஆனால் எப்கேம் நல்ல பித்தநாளச் செல்களிலும் உண்டு. நோய்க்குறியியல் மருத்துவர் பெரும்பாலும் அதைச் சோதிப்பதே, கட்டி கல்லீரலிலேயே பிறந்ததா, பித்தநாளத்திலிருந்தோ குடலிலிருந்தோ வந்ததா என்று பிரித்துப் பார்க்கத்தான். எனவே உங்கள் டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கல்லீரல் கட்டிதான் என்றால், சிகிச்சையைத் தீர்மானிப்பவை கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக்குழாயில் புகுந்திருக்கிறதா என்பது, மீதிக் கல்லீரலின் நிலை, அப்பாவின் உடல் தெம்பு. எப்கேமை வைத்து யாரும் மருந்தை நிறுத்துவதில்லை.

புற்றுநோய் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கு சிடி133, சிடி90 இரண்டில் எதை எடுக்கலாம்?
_எம்.எஸ்சி. மாணவி, ஆத்தூர்_

ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சிடி90 நார்த்திசுச் செல்களிலும் சில ரத்தச் செல்களிலும் இருக்கிறது. நோயாளியின் திசு என்றால் சிடி45 உள்ள ரத்தச் செல்களை முதலில் கழித்துவிட வேண்டும். சிடி133 ஆக்சிஜன் குறைந்தாலே ஏறிக்கொள்ளும். திசுவைக் கரைக்கும் என்சைம் மேற்பரப்புப் புரதத்தையே வெட்டிவிடுவதும் உண்டு. அப்புறம் 'மார்க்கர் (அடையாளப் புரதம்) காணோம்' என்று முடிவெழுதுவார்கள்! அடையாளம் எதுவானாலும், எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியில் குறைந்த எண்ணிக்கைச் செல்களே கட்டியை உண்டாக்குகின்றனவா என்பதுதான் பரீட்சை. சிடி13 சுவாரசியமானது: அது இருக்கும் செல்கள் மெதுவாகப் பிரிபவை, கீமோவுக்குத் தப்பிவிடுகின்றன என்று 2010-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள்.

கல்லீரல் கட்டிக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?
_வாசகர், ஓமலூர்_

வேண்டாம். புற்றுநோய்க்கு அது சிகிச்சையே இல்லை.

எங்கள் தோட்டத்துக் காபி கல்லீரலைக் காக்குமா?
_வாசகர், ஏற்காடு_

காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்டெம் செல்லை அது அழிக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். கல்லீரல் சுருக்கம் உள்ளவர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், ஏ.எஃப்.பி. (கல்லீரல் கட்டியில் உயரக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். ஹெபடைடிஸ் பி இருந்தால், உங்களுக்கும் இது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். காபி அதற்கு மாற்று ஆகாது.