தம்பி கையில் படம் எதற்கு?

கேள்வி: வேல்ஸில், நியூபோர்ட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் ரக்பி ஆடுகிறார்கள். 14 வயது மூத்தவன், இந்த ஊர்க்காரரான அந்தக்கால ரக்பி வீரர் ஆர்தர் கூல்டைப் பற்றிப் பள்ளியில் 10 நிமிடம் பேச வேண்டும். ரசிகர்கள் காசு சேர்த்து அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்துப் பெரிய சண்டையானதாமே, அதைச் சொன்னால் அவருடைய மதிப்பு குறையாதா? நான் எழுதிக்கொடுத்த பேச்சை இணைத்திருக்கிறேன். (சின்னவனுக்கு 11 வயது. அவனும் மேடையில் நிற்பான், படங்களைப் பிடித்துக்கொள்ள.)
– ஒரு தாய்

பதில்: வீட்டை மறைத்தால் கூல்ட் ஏன் ஆட்டத்தை விட்டார் என்பதையே சொல்ல முடியாது. காசு வாங்காமல் ஆடுவதுதான் அன்றைய சட்டம். 1896-ல் ஊர் நிதி திரட்ட, வேல்ஸ் ரக்பி சங்கமும் அதில் பணம் போட்டது. இது மறைமுகச் சம்பளம் என்று சர்வதேச வாரியம் எகிறியது. 1897-ல் வேல்ஸ் வாரியத்தை விட்டே வெளியேறியது. அந்த வருடம் ஸ்காட்லாந்தோடும் அயர்லாந்தோடும் ஆட்டமே இல்லை. ஜனவரியில் நியூபோர்ட்டில் இங்கிலாந்தை 11–0 என்று வென்றது ஒன்றுதான். அதுவே கூல்டின் 27-வது சர்வதேச ஆட்டம், கடைசியும் கூட. கூல்ட் இனி இறங்க மாட்டார் என்ற ஏற்பாட்டோடு 1898-ல் வேல்ஸ் திரும்பிப் போனது. ஊரே கூடிக் கொடுத்த வீட்டில் என்ன அவமானம்? தாராளமாகச் சொல்லட்டும்.

எனக்கு உறுத்துவது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதுதான். சின்னவன் படம் பிடிக்கிறான்! அவனும் ரக்பி ஆடுகிறவன்தானே, தாயே? வீட்டில் சின்னவனுக்குச் செய்ததையே பேச்சில் கூல்டின் சகோதரர்களுக்கும் செய்திருக்கிறீர்கள். மூன்று பக்கத்தில் பாப் இல்லை, பெர்ட் இல்லை. கூல்ட் வீட்டில் ஆறு சகோதரர்களும் நியூபோர்ட்டுக்கு ஆடினார்கள். அண்ணன் பாப் வேல்ஸுக்குத் தலைமை தாங்கியவர். 1890-ல் ஆர்தர் வேலைக்காக மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறியதும் அந்த அண்ணனோடுதான். தம்பி பெர்ட் வேல்ஸுக்கு ஆடியது மூன்றே ஆட்டம். ஆனால் 1893 மார்ச்சில், லனெல்லியில், அயர்லாந்தை 2–0 என்று வென்றபோது விழுந்த ஒரே டிரை (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அவருடையது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் ஒரே பருவத்தில் வெல்லும் டிரிபிள் கிரவுன், வேல்ஸுக்கு முதன்முதலாக அன்றுதான் கைக்கு வந்தது. கேப்டன் அண்ணன் ஆர்தர், டிரை தம்பி பெர்ட்டுடையது. இதை விட்டுவிட்டு, ஆர்தர் சிறுவயதில் மரம் ஏறி 'குரங்கு' என்று பேர் வாங்கியதற்கு அரைப் பக்கமா?

ஒரு பிழையும் இருக்கிறது. நான்கு த்ரீகுவார்ட்டர் முறையை, அதாவது பந்தோடு ஓடும் பின்வரிசையில் மூவருக்குப் பதில் நால்வரை நிறுத்துவதை, கூல்ட் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கார்டிஃப் கிளப்பில் பிறந்தது. 1886-ல் ஸ்காட்லாந்தோடு வேல்ஸ் அதைச் சோதித்தபோது, முன்னால் மோதும் ஃபார்வர்டுகளில் மிஞ்சிய எட்டுப் பேரால் எதிரணியின் ஒன்பது பேரைத் தாங்க முடியவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே முறையைக் கைவிட்டு, கூல்டை எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் இடத்துக்கு அனுப்பினார்கள். அதே முறையில் 1893-ல் ஜெயித்த கேப்டன் அவர் என்று திருத்துங்கள்.

பேச்சைப் பிரியுங்கள். நிமிடத்துக்கு 120 சொல் என்றால் மொத்தம் 1,200. மூத்தவனுக்கு 700: 1885-ல் ஸ்வான்சியில் ஃபுல்பேக்காக வேல்ஸுக்கு முதல் ஆட்டம், பிறகு சென்டர் (த்ரீகுவார்ட்டர் வரிசையின் நடு), 18 முறை கேப்டன், வீடு. சின்னவனுக்கு 500: சகோதரர்கள், 1893 ஜனவரியில் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்தோடு நடந்த ஆட்டம். உறைந்த தரையை இளக்க மைதானத்தில் தணல் மூட்டினார்கள். வேல்ஸின் மூன்று டிரையில் இரண்டு ஆர்தருடையவை. முடிவு 12–11.

பார்ப்பவர்கள் குழம்புவது இந்தக் கணக்கில்தான். இன்றைய டிரைக்கு 5 புள்ளி என்று மனசுக்குள் கூட்டிப் பார்ப்பார்கள், ஒத்து வராது. அன்று டிரைக்கு 2, டிரைக்குப் பின் கோலுக்கு உதைக்கும் கன்வர்ஷனுக்கு 3, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. சின்னவன் அட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டட்டும்: வேல்ஸ் பக்கம் 2, 2, 2, 3, 3. இங்கிலாந்து பக்கம் நான்கு 2, ஒரு 3. கடைசி அட்டையை, வேல்ஸ் வீரர் பான்கிராஃப்ட் உதைத்த பெனால்டியை, கையிலேயே வைத்துக்கொண்டு 9–11 என்று நிறுத்தி, பிறகு ஒட்டட்டும். ஒட்டும்போது பேசினால் முகம் பலகைப் பக்கம் திரும்பிக் குரல் கேட்காது. ஒட்டி முடித்துத் திரும்பிய பிறகு பேசச் சொல்லுங்கள்.

படங்களை மேசையில் சாய்த்து வையுங்கள். அதற்கு ஆள் தேவையில்லை.