பாஸ்டன் பேக் பே பகுதியின் பழைய மாளிகை வீடுகளில் குடியிருப்பது எப்படி?

பார்க்க அழகு, பராமரிக்கப் பாடு. பேக் பே முன்பு கடல்நீர் ஏறி இறங்கிய சேற்று நிலம். 1850களின் இறுதியிலிருந்து ரயிலில் சரளை கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். அந்தச் செங்கல் வீடுகளைத் தாங்குவது மண்ணுக்குள் அடித்து இறக்கிய மரத்தூண்கள். நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும்வரை மரம் கெடாது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துவிடும். ஆகவே சமையலறையை ரசிக்கும் முன் அடித்தளத்துக்கு இறங்குங்கள். செங்கல் இடுக்கில் படிக்கட்டுபோல விரிசல் ஓடினால், தூண்களைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

முகப்பு ஜன்னலை மாற்றக்கூடப் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் குழுவின் அனுமதி வேண்டும். பல மாளிகைகள் இப்போது அடுக்ககங்கள்தான். தெருப்பெயர்கள் மட்டும் சுகம்: ஆர்லிங்டன், பெர்க்லி, கிளாரண்டன் என ஆங்கில அகரவரிசையில் போகும். வழி தவறவே மாட்டீர்கள்.