பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு எது சாதாரண வலி, எதற்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை உண்டு. லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுத்து மூன்று நாள் ஆகிறது. வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் வலிக்கிறது என்கிறார். பயமாக இருக்கிறது. எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும்?

அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். உங்கள் கேள்வியை வீட்டுக்குப் போன நோயாளிகளின் பிள்ளைகள் போனில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முதலில் தோள்வலி. லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன். அதில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, வயிற்றை உப்ப வைத்துத்தான் வேலை செய்வார்கள். முடித்ததும் வாயுவை வெளியேற்றிவிடுவார்கள். ஆனாலும் கொஞ்சம் மிச்சமிருந்து நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் தங்கும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும், தோள்பட்டையின் உணர்வு நரம்புகளும் கழுத்துப் பக்கத் தண்டுவடத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் உதரவிதானம் எரிச்சலடைந்தால் வலி தோளில் தெரிகிறது. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும். வீட்டுக்குள்ளேயே அவ்வப்போது மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தோள்வலியோடு நெஞ்சு அழுத்தம், குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் வாயு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 108-க்கு அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலும் வரும்.

வயிற்று வலியைப் பொறுத்தவரை, நேற்றைக்கு இன்று எப்படி என்று பாருங்கள். முதல் நாள் இருமினாலே கண்ணில் தண்ணீர் வரும். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுவோம். தொப்புள் பக்கத்துத் தையல் மற்றவற்றைவிட அதிகம் வலிக்கலாம். தையலைச் சுற்றிக் கன்றிப் போயிருக்கும், அப்புறம் அரிக்கும். இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினால், மாத்திரை போட்டும் அடங்காவிட்டால், அன்றைக்கே காட்ட வேண்டும்.

எங்கள் வார்டிலிருந்து நன்றாக நடந்து வீட்டுக்குப் போன ஒரு அம்மா நினைவுக்கு வருகிறார். நான்காம் நாள் சாப்பாடு வேண்டாம் என்றிருக்கிறார். கேட்டதற்கு, வாயுதான், பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாள் வாசல் வரை நடந்தவர் இன்று கட்டிலை விட்டு இறங்கவில்லையே என்று மகளுக்குத்தான் உறுத்தியிருக்கிறது. கூட்டி வந்தார். ஸ்கேனில் பித்தநீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கியிருந்தது தெரிந்தது. டியூப் போட்டு அதை வெளியேற்றி, எண்டோஸ்கோபி வழியாகப் பித்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறிய குழாயை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். பித்தக் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். வயிறு உப்பும், குமட்டும், காய்ச்சல் வரும். கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது ஆகியவை பித்தக் குழாயில் அடைப்போ காயமோ இருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

நம் அம்மாக்கள் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் பரவாயில்லைப்பா என்பதுதான் பதில். அதனால் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நேற்று தானாகப் பாத்ரூம் போனவர் இன்று போகிறாரா? இரண்டு இட்லியாவது இறங்குகிறதா? வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறாரா, பேச்சு குழறுகிறதா? வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் கிருமித் தொற்று இப்படி வெளிப்படும்.

முதல் இரண்டு நாள் லேசாக உடம்பு சுடுவது சகஜம். அதற்குப் பிறகு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ போனால், நடுங்கிக் குளிர்ந்தால், டாக்டருக்குத் தெரிய வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால் மாத்திரை கொடுப்பதற்கு முன்பு தெர்மாமீட்டர் வையுங்கள். நாடித் துடிப்பையும் எண்ணுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-க்கு மேல் தொடர்ந்து ஓடினால் அலட்சியம் வேண்டாம். மாத்திரையில் இன்னொரு கவனம்: டோலோ, கால்பால் இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். பல வலி மாத்திரைகளிலும் அது சேர்ந்தே வரும். டாக்டர் எழுதியதோடு கடையில் வாங்கியதையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும்.

தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, சீழ், கெட்ட வாடை இருந்தாலோ உடனே காட்டுங்கள். மஞ்சள் தூள் வைக்க வேண்டாம். பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடவும் வேண்டாம். புண் ஆற அந்தப் புரதம் அவசியம்.

கெண்டைக்கால் விஷயத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலில் தைலம் தேய்த்து உருவிவிடக் கூடாது, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் என்றால் 108 தான்.

வாந்தி நிற்காமல், வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் இருந்தாலும், ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் நடந்த தேதி, இப்போதைய காய்ச்சல், நாடித் துடிப்பு, சர்க்கரை அளவு, கடைசியாக எந்த மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனை எடுக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள். அது தூரமென்றால் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு.