மழைக்காகச் சரித்து வைத்த நிலம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பாங்காக் நகரின் நடுவே வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட சுலாலங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்காவைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒரு பூங்காவின் தரையைச் சாய்வாக அமைத்தால் வெள்ளம் எப்படிக் குறையும்? இதை வடிவமைத்த பெண்மணி யார்? சற்று விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன். (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அவர் பெயர் கோச்சகோர்ன் வோராகோம். தாய்லாந்தைச் சேர்ந்த நிலத்தோற்ற வடிவமைப்பாளர். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால் பலருக்கு எளிதில் விளங்கும். பாங்காக்கில் பிறந்து வளர்ந்தவர். மழைக்காலத்தில் வீட்டு வாசலில் தேங்கிய நீரில் படகு விட்டு விளையாடிய சிறுவயது நினைவைத் தம் உரைகளில் குறிப்பிடுவார். அதே நீர் 2011-ஆம் ஆண்டு பெருவெள்ளமாக வந்து, நாடெங்கும் 800-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது, அவருடைய குடும்பமும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தம் வடிவமைப்பு நிறுவனத்தை அவர் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

பாங்காக் நகரம் சாவோ பிரயா ஆற்றின் கழிமுகத்தில், களிமண் படிவின் மேல், கடல் மட்டத்தைவிடச் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரத்தில் மட்டுமே அமர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் தெருக்களைப் போல ஓடிய கால்வாய்களில் பலவற்றைத் தூர்த்துச் சாலைகளாக்கிவிட்டார்கள். நிலமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நகரில், சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டை முன்னிட்டு, வணிக வளாகம் கட்டியிருந்தால் கொழுத்த வருமானம் தரக்கூடிய 11 ஏக்கர் நிலத்தைப் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கியது. அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றது கோச்சகோர்னின் குழு. 2017-இல் பூங்கா திறக்கப்பட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூங்காவின் ஒரு கோடியைக் கட்டடத்தின் மீது ஏற்றி, அங்கிருந்து மறுகோடிவரை நிலம் முழுவதையும் 3 பாகை சரிவாக அமைத்திருக்கிறார்கள். 100 மீட்டர் நடந்தால் 5 மீட்டர் ஏறியிருப்போம் என்பது கணக்கு; ஆனால் நடப்பவருக்கு மூச்சு வாங்காது. மேல்கோடியில் உள்ள கட்டடத்தின் கூரை முழுவதும் மண்ணும் புல்லும் செடிகளும் பரப்பப்பட்ட பசுங்கூரை. அங்கு விழும் மழையை முதலில் மண் குடிக்கிறது; மிஞ்சியதில் ஒரு பகுதி அடியிலுள்ள தொட்டிகளில் சேர்ந்து, மழையில்லாத நாட்களில் செடிகளுக்குப் பாய்கிறது. மேலும் மிஞ்சும் நீர் இருபுறமும் படிப்படியாக இறங்கும் செயற்கைச் சதுப்புகளின் வழியே கீழே வருகிறது. மேட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் நம் ஏரிச் சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு படியிலும் நிற்கும் நீர்த்தாவரங்கள் வண்டலையும் அழுக்கையும் பிடித்துக்கொள்ள, நீர் கடைசியாகத் தாழ்ந்த கோடியிலுள்ள குளத்தில் வந்து சேர்கிறது. பெருமழை கொட்டினால் குளம் கரை மீறி நடுப்புல்வெளியின் மேல் பரவும். அப்போது அதன் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெயில் நாளில் பிள்ளைகள் பந்தாடும் அந்தப் புல்வெளி, மழை நாளில் தண்ணீருக்கு உரியது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டது.

இந்தச் சிந்தனைக்குத் தாய்லாந்தில் ஒரு வேர் உண்டு. மறைந்த மன்னர் பூமிபோல் முன்வைத்த வெள்ளத் தடுப்பு முறைக்கு 'கேம் லிங்' என்று பெயர். குரங்கின் கன்னம் என்பது அதன் பொருள். நம் கோயில் குரங்கு கிடைத்த கடலையை எல்லாம் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு பிறகு மெல்லத் தின்பதைப் போல, வெள்ளத்தை ஓரிடத்தில் அடக்கி வைத்து, ஆறு தணிந்த பிறகு விடுவது அந்த முறை. பெரிய நிலப்பரப்புகளுக்கென எண்ணப்பட்டதை ஒரு நகரப் பூங்காவின் அளவுக்குக் கொண்டுவந்தது இந்தக் குழுவின் சாதனை. இன்னொன்றும் எனக்குப் பிடித்தது: அந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள மரம் நம் சாலையோரங்களில் நிழல் தரும் அதே தூங்குமூஞ்சி மரம். மண்ணுக்குள் பரவும் அதன் வேரையும் மேலே விரியும் அதன் கிளையையும் மனத்தில் கொண்டே பூங்காவின் வடிவம் வரையப்பட்டது.

கேள்வி: குளத்தின் மேல் சைக்கிள்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது வெறும் வேடிக்கைப் பொருள்தானா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நான் அங்கு சென்ற மாலையில், பள்ளிச் சீருடையோடு வந்த ஒரு சிறுமி, நிலையாகப் பொருத்தப்பட்ட அந்தச் சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தாள். கால் சரியாக எட்டாததால் ஒவ்வொரு சுற்றுக்கும் இருக்கையிலிருந்து சற்று நழுவி எழுந்தாள். மிதிக்கும்போது கீழே தண்ணீர் கலங்கிச் சிதறியது, நிறுத்தியதும் அடங்கியது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் மிதித்தாள். தேங்கிய நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்தால் நீர் கெட்டு நாற்றமெடுக்கும். அதைத் தடுக்க வேறு இடங்களில் மோட்டார் வைத்துக் காற்றைச் செலுத்துவார்கள். இங்கே மிதிப்பவரின் கால்களும் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன.

குளத்தின் முழுத் தேவையையும் சைக்கிள்களே தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரங்களில் நாம் தண்ணீரின் போக்குவரத்தை எல்லாம் சிமெண்டு மூடிக்கு அடியில் ஒளித்துவிட்டதால், மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை அறியாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தச் சிறுமிக்கு அது தெரியும். சதுப்புகளின் ஓரமாகவே நடைபாதையை அமைத்து, பக்கவாட்டில் திறந்தவெளி வகுப்பறைகளையும் வைத்திருப்பதால், தண்ணீர் செய்யும் வேலையைக் காணாமல் அந்தப் பூங்காவைக் கடக்க முடியாது. நிலைத்து நிற்கும் வடிவமைப்பையும் மக்களை ஈர்க்கும் வடிவமைப்பையும் வெவ்வேறு பாடமாகப் பேசுவது வழக்கம். மக்கள் விரும்பி வராத இடத்தைப் பராமரிக்க எந்த நிர்வாகமும் நீண்ட நாள் பணம் ஒதுக்குவதில்லை என்பதால், இரண்டும் ஒரே பாடம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. ஒரே ஒரு பூங்கா ஒரு பெருநகரைக் காப்பாற்றிவிடும் என்பதுபோல் எழுதுவது சரியா? (சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியல்ல, ஐயா. அந்தத் தொனி என் குறிப்பில் இருந்திருந்தால் அது என் பிழை. கணக்கை வெளிப்படையாகவே போட்டுப் பார்ப்போம். பூங்கா தாங்கக்கூடிய நீர் 10 லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 300-க்கும் மேல் வரிசையாக நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். 11 ஏக்கர் என்பது சுமார் 44,500 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எனவே தன் மேல் விழும் 85 மில்லிமீட்டர் மழையைப் பூங்கா தானே தாங்கிக்கொள்ளும். ஒரு பூங்காவுக்கு இது மிக நல்ல அளவு. ஆனால் பாங்காக் மாநகரின் பரப்பு 1,569 சதுர கிலோமீட்டர். அதில் இந்தப் பூங்கா ஏறக்குறைய 35,000-இல் ஒரு பங்கு.

ஆகவே ஆற்றில் வரும் பெருவெள்ளத்தை இது தடுக்காது. ஒரு மணி நேரப் பெருமழையில் சுற்றியுள்ள வடிகால்கள் திணறும்போது, தன் பங்கு நீரை அவற்றின் மேல் தள்ளாமல் வைத்துக்கொள்ளும்; அவ்வளவே அதன் வேலை. இதே வேலையைப் பள்ளி மைதானமும் பேருந்து நிலையமும் அரசு அலுவலக வளாகமும் செய்யத் தொடங்கினால் நகரின் கணக்கு மாறும். சென்னையிலும் மாநகராட்சிப் பூங்காக்களுக்குள் மழைநீர் தேங்கி இறங்கும் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் அமைக்கப்பட்டுள்ளன; கிண்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தில் குளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றை நான் மனமார வரவேற்கிறேன்.

கூடவே ஒரு கவலையும் உண்டு. நான் குடியிருக்கும் பகுதியில் பூங்கா ஒன்றில் வெட்டிய பள்ளத்துக்குள் நீர் இறங்கும் வாயை முதல் மழையிலேயே பிளாஸ்டிக் உறைகளும் இலைச்சருகும் அடைத்துக்கொண்டன. தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்க, பள்ளம் பாதிகூட நிரம்பாமல் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். மழைக்காலத்துக்கு முன்பும் நடுவிலும் அந்த வாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளும், அவருக்குச் சம்பளமும் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பகுதியில் இப்படி ஒரு பூங்கா வந்தால், திறப்பு விழாவுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வி: அதே வடிவமைப்பாளர் கட்டடக் கூரையில் நெல் விளைவித்தாராமே? எங்கள் மொட்டை மாடியில் நாங்களும் முயலலாமா? (தஞ்சாவூரிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: அது தம்மசாட் பல்கலைக்கழகத்தின் ரங்சிட் வளாகத்தில், 2019-இல் நிறைவுற்ற கூரைப் பண்ணை, பரப்பு 22,000 சதுர மீட்டர். மலைச்சரிவில் வரப்பு கட்டி நெல் பயிரிடும் அடுக்கு வயல்களைப் பார்த்து அந்தக் கூரையை வரைந்திருக்கிறார்கள். மழைநீர் ஒவ்வொரு வயலாக வளைந்து வளைந்து இறங்குவதால், வெறும் கான்கிரீட் கூரையோடு ஒப்பிட்டால் 20 மடங்கு வரை மெதுவாகக் கீழே வருகிறது என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. இறங்கிய நீரைச் சேர்க்க அடியில் நான்கு குளங்கள் உள்ளன. விளைவதில் ஒரு பகுதி வளாகத்து உணவகத்துக்கே போகிறது. அந்த வட்டாரம் முன்பு வாய்க்கால்கள் பாய்ந்த நெல் வயல். 2011-இல் அந்த வளாகம் வெள்ள அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்து, சில நாட்களில் தானே மூழ்கியது. கட்டடம் எழும்பிய இடத்தில் வயலையும் கூரைமேல் ஏற்றிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

உங்கள் வீட்டு மாடியில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அந்தக் கூரை முதல் தூணிலிருந்தே மண்ணின் எடைக்காகக் கட்டப்பட்டது. நம் கட்டட விதிகளின்படி, ஆட்கள் நடமாடும் சாதாரண மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமையே கணக்கில் கொள்ளப்படும். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மண் பரப்பினாலே அது 250 கிலோவை எட்டிவிடும். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளைச் சுவரோரமாகவும் தூண்களின் மேலாகவும் வைத்துக் கீரையும் கத்தரியும் வளர்க்கலாம். நெல்லுக்கு உங்கள் வயலே போதும்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். இத்துறைக்கு வர விரும்புகிறாள். 'தோட்டம் போடுவதற்கு ஒரு படிப்பா' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன படிக்க வேண்டும்? (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, முதலில் உறவினர்களுக்கு ஒரு பாலத்தின் கதையைச் சொல்லுங்கள். பாங்காக்கில் பிரா பொக் கிளாவ் பாலத்தின் இரு சாலைகளுக்கு நடுவே, கைவிடப்பட்ட ரயில் திட்டம் ஒன்றின் கான்கிரீட் தளம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எதற்கும் பயன்படாமல் நின்றது. மக்கள் அதை மொட்டைப் பாலம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கோச்சகோர்னும் அவருடன் உழைத்தவர்களும் அதை இடிக்காமல், 280 மீட்டர் நீளத்துக்கு மரமும் செடியும் படிகளும் அமைத்து, ஆற்றின் இரு கரைகளையும் நடந்து கடக்கும் பூங்காவாக மாற்றினார்கள். 2020-இல் அது திறக்கப்பட்டது. அந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும், ஆற்றங்காற்றில் எந்த மரம் நிற்கும், சக்கர நாற்காலி எந்தச் சரிவில் ஏறும் என்பனவற்றை அறிந்தவர்தான் அங்கே ஒரு செடியை நட முடியும்.

நம் நாட்டில் வழக்கமான பாதை, கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டு பி.ஆர்க். என்ற கட்டடக்கலை இளநிலைப் படிப்பை முடித்து, பிறகு லேண்ட்ஸ்கேப் பிரிவில் எம்.ஆர்க். என்ற முதுநிலைப் படிப்பில் சேர்வது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், டெல்லியில் எஸ்.பி.ஏ. எனப்படும் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இந்தப் பட்டமேற்படிப்பு உண்டு. நாட்டா தேர்வுக்குக் கணிதம் அவசியம். ஓவியத் திறமையைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். மண், தாவரம், நீரோட்டம் ஆகியவற்றில் ஆர்வம் இருக்கிறதா என்று நான் கேட்பேன்.

அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த மழையில் மகளை ஒரு குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனை வரை போய்வரச் சொல்லுங்கள்: எந்த வாசலிலிருந்து நீர் வழிகிறது, எங்கே வளைகிறது, எங்கே தேங்குகிறது, மழை விட்டு எத்தனை நேரத்தில் வற்றுகிறது என்பதை அம்புக்குறியிட்டு வரைந்து வரட்டும். நனைந்துகொண்டே இரண்டாம் முறையும் போகத் துடித்தாளானால் எனக்கு அந்த வரைபடத்தை அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.