வட்டு எறிதல்னா என்ன, ஆல் ஓர்ட்டர் எப்படி 4 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்?

2.5 மீட்டர் அகல வட்டத்துக்குள்ள சுமார் ஒன்றரை சுத்து சுத்தி ஒரு தட்டை வீசணும், ஆம்பளைங்களுக்கு அது 2 கிலோ, அவ்ளோதான் வட்டு எறிதல். அமெரிக்காவோட ஆல் ஓர்ட்டர் 1956 மெல்போர்ன், 60 ரோம், 64 டோக்கியோ, 68 மெக்சிகோ சிட்டினு வரிசையா தங்கம் அடிச்சார், நாலுமே ஒலிம்பிக் ரெக்கார்டு வேற!

வெறும் கை பலம் இருந்தா போதாதுங்க, காலும் இடுப்பும் முதல்ல திரும்பணும், கை கடைசில சாட்டை மாதிரி வரும், விரல்ல இருந்து வட்டு சுழண்டுக்கிட்டே கிளம்பணும், சுழற்சி இருந்தாதான் ஆடாம காத்துல மிதந்து போகும், இல்லனா தடுமாறி சீக்கிரமே விழுந்துடும். இந்த டைமிங் உடம்புல ஊற வருஷக்கணக்காகும். அதான் மனுஷன் 1980ல 43 வயசுல போய் தன்னோட பெஸ்ட் 69.46 மீட்டர் எறிஞ்சார்.

டோக்கியோ தான் எனக்கு ரொம்பப் பெரிசு. விலா பக்கம் குருத்தெலும்பு கிழிஞ்சு, ஐஸ் வெச்சு டேப் சுத்திக்கிட்டு இறங்கினவர் அஞ்சாவது த்ரோல 61 மீட்டர் போட்டு முடிச்சார்.

அப்புறம், பின்காத்து அடிச்சா வட்டு தூரமா போகும்னு பலர் நினைக்கிறாங்க, உண்மைல அளவான எதிர்காத்துதான் வட்டைத் தூக்கிக் கொடுக்கும்.